எஸ்.பி.எம். படிப்பு அட்டவணை: 11 பாடத்தை ஒரு வாரத்துக்குள் அடக்குவது எப்படி?

பூச்சோங் – ஐந்தாம் படிவம் தொடங்கும் ஜனவரி மாதத்தில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். மணிலா அட்டை வாங்கி வருவார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வண்ணப் பேனாவால் பாடங்களின் பெயரை எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுவார்கள். திங்கள் கணிதம், செவ்வாய் வரலாறு, புதன் இரசாயனம். இரண்டாவது வாரத்தில் ஒரு திருமண விருந்து வரும். அடுத்து, புறப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளியிலேயே மாலை வரை இருக்க வேண்டி வரும். பிறகு ஒரு காய்ச்சல். சீனப் புத்தாண்டு விடுமுறை வருவதற்குள் அந்த அட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு அக்கறை போதவில்லை என்று வீட்டில் பேச்சு எழும். பெரும்பாலும் குறை அட்டவணையில்தான் இருக்கும். எல்லாப் பாடத்துக்கும் சமமாக நேரம் கொடுத்து, அரை மணி நேரம்கூட மிச்சம் விடாமல் நிரப்பிய அட்டவணை முதல் தடங்கலிலேயே முறிந்துவிடும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பெயர் பதிவது பாடவாரியாக, எழுதுவது தாள்வாரியாக. அட்டவணையும் தாள்களிலிருந்து தொடங்கினால்தான் நிற்கும்.

இன்றைய ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இதில் இன்னொரு சிரமமும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022-இல் அகற்றப்பட்டது. இவர்களின் அண்ணன்மாரும் அக்காமாரும் 12 வயதில் ஒரு முறை, 15 வயதில் ஒரு முறை அரசாங்கத் தேர்வுக்கு நேரம் வகுத்துப் படித்துப் பழகியவர்கள். பூச்சோங் தமிழ்ப்பள்ளியிலோ, காசல்பீல்டு, கின்றாரா தமிழ்ப்பள்ளிகளிலோ ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன இந்தப் பிள்ளைகள் எழுதப்போகும் முதல் பெரிய தேர்வே எஸ்.பி.எம்.தான். புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படித்தவர்களுக்கும் இதே நிலைதான். அட்டவணை போடத் தெரியவில்லை என்று இவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. இதுவரை அதற்குத் தேவையே வந்ததில்லை.

மொத்தம் எத்தனை தாள்?

அறிவியல் பிரிவில் படிக்கும் ஒரு தமிழ் மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி, கூடுதல் கணிதம், இயற்பியல், இரசாயனம், உயிரியல் ஆகியவை 9 பாடங்கள். பத்தாவது தமிழ்மொழி. தமிழ் இலக்கியமும் எடுத்தால் 11.

இப்போது தாள்களை எண்ணிப் பார்க்கலாம். மலாய்மொழிக்கு இரண்டு எழுத்துத் தாள், ஒரு பேச்சுத் தேர்வு, ஒரு கேட்டல் தேர்வு என 4. ஆங்கிலத்துக்கும் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என 4. இயற்பியல், இரசாயனம், உயிரியல் மூன்றுக்கும் தெரிவு வினாத் தாள், எழுத்துத் தாள், செய்முறைத் தேர்வு என மும்மூன்று. கணிதம், கூடுதல் கணிதம், வரலாறு, தமிழ்மொழி ஆகியவற்றுக்குத் தலா 2. இதுவே 25 ஆகிவிட்டது. நன்னெறியும் இலக்கியமும் இதற்கு மேல்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாக நடந்த பள்ளித் தேர்வில் வாங்கிய புள்ளியைக் குறிப்பதுதான் அட்டவணையின் முதல் வேலை. பாடத்தின் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதினால் பயனில்லை. தாள்வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். இரசாயனத்தில் 'பி' வாங்கும் இரு மாணவர்களில் ஒருவர் தெரிவு வினாவில் கோட்டை விட்டிருப்பார். மற்றவருக்குத் தாள் 2-இல் விளக்கம் எழுத வந்திருக்காது. இருவரும் 'புதன் இரசாயனம்' என்று ஒரே கட்டத்தைப் போட்டுப் படித்தால் இருவருக்குமே நேரம் வீண். திருத்திய விடைத்தாளை ஆசிரியரிடமிருந்து வாங்கிப் பார்க்காமல் இந்தப் பட்டியலை எழுத முடியாது. பல மாணவர்கள் புள்ளியைப் பார்த்ததும் விடைத்தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அட்டவணைக்கு வேண்டிய செய்தி முழுவதும் அந்தச் சிவப்பு மைக்குள்தான் இருக்கிறது.

தாள்களின் நேர அளவிலும் ஒரு வசதி இருக்கிறது. கணிதம் தாள் 2, வரலாறு தாள் 2, இயற்பியல், இரசாயனம், உயிரியல் தாள் 2 ஆகிய எல்லாம் இரண்டரை மணி நேரம், 100 புள்ளி. கூடுதல் கணிதத்தில் தாள் 1 இரண்டு மணி நேரத்துக்கு 80 புள்ளி. தாள் 2 இரண்டரை மணி நேரத்துக்கு 100 புள்ளி. எதை வகுத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம் என்றுதான் வரும். ஆக, வீட்டில் 40 நிமிடம் பயிற்சி செய்ய உட்கார்ந்தால் ஏறக்குறைய 26 புள்ளிக்கான கேள்விகளை முடிக்க வேண்டும். 'இன்று கூடுதல் கணிதம் படிக்கணும்' என்று எழுதுவதைவிட 'கூடுதல் கணிதம் தாள் 2, 26 புள்ளி' என்று எழுதினால், செய்தோமா இல்லையா என்று இரவு தூங்கப்போகும்போது தெளிவாகத் தெரியும். தெரிவு வினாக்களின் வேகம் மட்டும் வேறு. வரலாறு தாள் 1-இல் 60 நிமிடத்துக்கு 40 கேள்வி. கணிதம் தாள் 1-இல் அதே 40 கேள்விக்கு 90 நிமிடம்.

முதல் இடம் யாருக்கு?

எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வர இரண்டு பாடங்களில் தேர்ச்சி கட்டாயம். மலாய்மொழி நீண்ட காலமாகவே அப்படித்தான். 2013 முதல் வரலாறும் சேர்ந்துகொண்டது. மற்ற எல்லாப் பாடங்களிலும் 'ஏ' எடுத்து, வரலாற்றில் 'ஜி' வாங்கினால் சான்றிதழ் கிடையாது. பிறகு அந்தப் பாடத்தை மீண்டும் எழுதித் தேறும்வரை காத்திருக்க வேண்டும். தேர்ச்சி எல்லையில் தடுமாறும் மாணவருக்கு அட்டவணையின் முதல் கட்டங்கள் இந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும். கூடுதல் கணிதத்துக்கு நான்கு இடத்தில் டியூஷன் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வரலாறு பாடநூல் நான்காம் படிவத்தில் 10 அத்தியாயம், ஐந்தாம் படிவத்தில் 10 அத்தியாயம். இந்த 20 அத்தியாயத்தையும் கடைசி மாதத்தில் விழுங்கப் பார்ப்பவர்கள்தாம் அதிகம். நான்காம் படிவத்தில் படித்த தேசியவாதம், ஜப்பானியர் ஆட்சி, அவசரகாலம், 1957 கூட்டரசு அரசமைப்பு எல்லாம் ஐந்தாம் படிவ நடுப்பகுதியில் புதுப் பாடம் போலத் தெரியும். வாரம் ஒரு பழைய அத்தியாயம் என்று ஜனவரியிலேயே தொடங்கினால், மார்ச் இறுதிக்குள் நான்காம் படிவப் பகுதி முடிந்துவிடும். அதே நேரத்தில் பள்ளியில் ஐந்தாம் படிவப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பலருக்கு வரலாற்றில் வரும் தடை நினைவாற்றல் அல்ல. 'விளங்குது, ஆனா எழுத வரலை' என்பார்கள். செய்தி தெரியும், அதை மலாயில் முழு வாக்கியமாக விரித்து எழுத வராது. வரலாறு தாள் 2-இல் 60 புள்ளி கட்டுரைப் பகுதிக்கு. அதனால் வரலாற்றையும் மலாய்மொழியையும் அட்டவணையில் அடுத்தடுத்து வைப்பது நல்லது. வரலாற்றுக் கேள்விக்கு மலாயில் ஒரு பத்தி எழுதி, அதன் இலக்கணத்தை மலாய்மொழி ஆசிரியரிடமோ நன்றாக எழுதும் நண்பரிடமோ காட்டித் திருத்தினால், ஒரே உழைப்பு இரண்டு பாடத்துக்கும் சேரும். மலாய்மொழி தாள் 1-இல் திறந்தநிலைக் கட்டுரைக்கு மட்டுமே 70 புள்ளி. அதற்கு வாரம் ஒரு கட்டுரையாவது கையால் எழுத வேண்டும். மாதிரிக் கட்டுரைகளை வாசித்துக்கொண்டே இருந்தால் கை பழகாது.

தமிழ் எந்த வரிசையில்?

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. 'பாடம் அதிகமாகிவிட்டது, தமிழை விட்டுவிடலாமா?' என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. முதலில் ஒரு பழைய கதை. 2004 எஸ்.பி.எம். தேர்வில் அமலினா சே பாக்ரி 17 ஏ1 வாங்கினார். 2008 தேர்வில் நிக் நூர் மடிஹா 20 ஏ வாங்கினார். நாடே அவர்களைக் கொண்டாடியது. பாடங்களின் எண்ணிக்கை இப்படிப் போட்டியாகிவிட்டது என்று கவலை எழுந்ததும், 2009-இல் அப்போதைய கல்வி அமைச்சர் முகிதீன் யாசின், 2010 முதல் 10 பாடங்களுக்கு மேல் எழுத முடியாது என்று அறிவித்தார். மேலே எண்ணிய மாணவியின் கணக்கைப் பார்த்தால் அதன் விளைவு புரியும். அறிவியல் பிரிவில் தமிழ்மொழியோடு 10 நிறைந்துவிடுகிறது. தமிழ் இலக்கியத்துக்கு இடமே இல்லை. தமிழ் அமைப்புகளும் சீன அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த ஆண்டு இறுதிக்குள் 10-உடன் கூடுதலாக 2 பாடம் எழுதலாம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. இன்று ஒரு மாணவர் பதினோராவது பாடமாக இலக்கியத்தை எழுதுகிறார் என்றால், அந்த இடம் கேட்டு வாங்கியது.

இரண்டாவது, இன்றைய கணக்கு. 10 ஏ மற்றும் அதற்கு மேல் பெறும் எல்லா மாணவர்களுக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராகிம் 2024 ஜூன் 30-ஆம் தேதி அறிவித்தார். அறிவியல் பிரிவு மாணவிக்குத் தமிழை விட்டால் கையில் இருப்பது 9 பாடம். ஒன்பதிலும் 'ஏ' எடுத்தாலும் 10 ஆகாது. தமிழை நீக்கிவிட்டு வேறொரு பாடத்தைப் பத்தாவதாகச் சேர்ப்பதும் எளிதல்ல. 12 வயதுவரை பயிற்றுமொழியாக இருந்த மொழியைவிட எளிதான பாடம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மொழிப்பற்றை ஒதுக்கிவைத்து வெறும் எண்ணாகப் பார்த்தாலும் தமிழ் அட்டவணையில் இருக்க வேண்டிய பாடம்.

ஆனால் 'நம்ம மொழிதானே' என்று கடைசிவரை தள்ளிப்போட்டால் 'ஏ' கிடைக்காது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் பல இடங்களில் வழக்கமான பாட நேரத்துக்கு வெளியேதான் நடக்கிறது. தாய்மொழி வகுப்பு நடத்த 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். வகுப்பு கிடைத்தாலும் வாரத்துக்குக் கிடைப்பது சில பாடவேளைகள்தாம். பேச்சில் சரளமாக இருக்கும் மாணவர், ஆறு மாதம் தமிழில் ஒரு பக்கம்கூடக் கையால் எழுதாமல் இருப்பது சாதாரணம். தேர்வு மண்டபத்தில் ல, ள, ழ தடுமாறும். ஒற்று மிகுமா மிகாதா என்று பேனா நிற்கும். செய்யுளும் மொழியணியும் பகுதிக்குத் திருக்குறள், மரபுத்தொடர், உவமைத்தொடர், பழமொழி ஆகியவற்றைப் பொருளோடு மனத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்கு ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காரத் தேவையில்லை. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும், அதை எல்.ஆர்.டி.யில் போகும்போதே செய்யலாம். கட்டுரைக்குத்தான் மேசையில் உட்கார வேண்டும்.

தமிழ் இலக்கியத்தைப் பள்ளிக்கு வெளியே, வார இறுதியில், பெரும்பாலும் ஆர்வலர்களான ஆசிரியர்களிடம் படிப்பவர்கள் உண்டு. கவிதை, நாடகம், நாவல் மூன்றுக்கும் அமைச்சு குறித்த நூல்களை முழுமையாகப் படித்தாக வேண்டும். நாவலை ஆண்டு நடுவிலுள்ள பள்ளி விடுமுறையில் ஒரு முறை கதையாகவே படித்துவிட்டால், பிறகு பாத்திரப் படைப்பு, கரு, உத்தி என்று பிரித்துப் படிப்பது சுமையாக இருக்காது. முதல் வாசிப்பையே குறிப்பேட்டில் தொடங்குபவர்களுக்கு அந்த நாவல்மேல் வெறுப்புதான் வரும். அது எழுத்தாளருக்கும் நல்லதல்ல.

வாரத்துக்கு 33 துண்டு

அதே மாணவி பூச்சோங் பெர்மாயில் இருக்கிறார், அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, வீட்டில் ஒரு தம்பி, ஒரு தொலைக்காட்சி என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு இரண்டரை மணி, சனிக்கிழமை 5 மணி, ஞாயிறு நாலரை மணி நேரம் என்றால் மொத்தம் 22 மணி நேரம். இதை 40 நிமிடத் துண்டுகளாக நறுக்கினால் 33 வருகிறது.

கூடுதல் கணிதத்தில் அவர் பலவீனம், வரலாற்றில் எழுத வரவில்லை என்றால் இரண்டுக்கும் ஐந்தைந்து. மலாய்மொழிக்கும் இரசாயனத்துக்கும் நான்கு நான்கு. இயற்பியல், உயிரியல், ஆங்கிலம், தமிழ்மொழி ஆகியவற்றுக்கு மும்மூன்று. கணிதம் நன்றாக வருகிறது, 2 போதும். நன்னெறிக்கு ஒன்று. கூட்டினால் 33. இலக்கிய வகுப்புக்கான நேரம் இதில் சேராது. அது எந்த நாளோ அந்த நாளின் தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும்தான் வரும். இலக்கியம் எடுக்க முடிவு செய்யும்போதே இதை வீட்டில் பேசிவிட வேண்டும்.

இந்த 33-ஐயும் நிரப்பிவிடக் கூடாது. 28-க்கு மட்டும் வேலை எழுதி, ஐந்தைக் காலியாக விடுவது நல்லது. வாரத்தில் விடுபட்டதெல்லாம் அந்த ஐந்தில் போய்ச் சேரும். ஒவ்வொரு பாடமும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு துண்டை விட்டுக்கொடுத்தால் கணக்கு சரியாகும். காலித் துண்டு தேவைப்படாத வாரத்தில் பிள்ளை படம் பார்க்கட்டும். 11 பாடத்தையும் தினமும் தொட வேண்டும் என்று நினைப்பதும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு பாடம்தான் தாங்கும்.

டியூஷனை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்பதில்தான் பெற்றோர் பலர் தவறுகிறார்கள். நான்கு பாடத்துக்கு டியூஷன், ஒவ்வொன்றும் வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 8 மணி நேரம். பண்டார் புத்ரி பக்கம் உள்ள வகுப்புக்கு மாலையில் டாமன்சாரா – பூச்சோங் நெடுஞ்சாலை நெரிசலில் போய்த் திரும்புவதற்கு ஒரு மணி நேரம் வைத்தால் இன்னும் 4. ஆக 22-இல் 12 போய்விட்டது. டியூஷனில் பிள்ளை கேட்கிறது. தேர்வு மண்டபத்தில் பிள்ளைதான் எழுத வேண்டும். கேட்டதைத் தானே போட்டுப் பார்க்க மீதி 10 மணி நேரத்தில் 11 பாடத்தையும் நெருக்க வேண்டும். பலவீனமான இரண்டு பாடத்துக்கு மட்டும் டியூஷன் வைத்து, மற்றதைப் பள்ளியிலும் நண்பர்களோடும் பார்த்துக்கொள்வது செலவுக்கும் நல்லது, நேரத்துக்கும் நல்லது. தோட்டப்புறத்தில் டியூஷன் மையமே இல்லாத மாணவர்கள் இதை நினைத்து மனம் தளர வேண்டியதில்லை. அவர்களின் 22 மணி நேரம் முழுதாக அவர்கள் கையில் இருக்கிறது. 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் குறைந்த வசதியுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே வகுப்புகளை நடத்தி வந்துள்ளன. அமைச்சின் டெலிமா தளத்தில் மாணவர் கணக்கைக் கொண்டு இணையவழிப் பாடப் பொருள்களையும் பார்க்கலாம்.

மறதியைக் கணக்கில் எடுப்பது

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற உளவியல் அறிஞர், பொருளற்ற எழுத்துக் கூட்டங்களைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன்பிறகு மறதி மெதுவாகிறது என்பது அவர் கண்டது. இதிலிருந்து அட்டவணைக்கு ஒரு விதி கிடைக்கிறது. ஒரே நாளில் மூன்று துண்டு உயிரியல் படிப்பதைவிட, திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று இடைவெளி விட்டுப் படித்தால் அதிக நாள் நிற்கும்.

எப்படித் திரும்பப் படிப்பது என்பதும் முக்கியம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை இரு வகையாகப் படிக்க வைத்தார்கள். ஒரு சாரார் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மஞ்சள் பேனாவால் கோடிட்டுக் கொண்டே போகும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதும், தேர்வில் ஒன்றும் வராததும் இதனால்தான். ஒரு துண்டின் 40 நிமிடத்தில் 15 நிமிடம் வாசிப்பு, மீதி 25 நிமிடம் புத்தகத்தை மூடி எழுதுவது என்று வைத்துக்கொண்டால் போதும்.

கணிதத்தில் இன்னொரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஒரே அத்தியாயத்தின் 20 கணக்கைத் தொடர்ந்து போட்டால், நான்காவது கணக்கிலிருந்து கை தானாகப் போகும். தேர்வுத் தாளில் எந்த அத்தியாயம் என்று யாரும் தலைப்பிட்டுத் தர மாட்டார்கள். ஐந்து அத்தியாயத்திலிருந்து நான்கு கணக்காகக் கலந்து போடுவது எரிச்சலாக இருக்கும், வேகமும் குறையும். ஆனால் எந்தச் சூத்திரம் எங்கே என்று தேடும் பயிற்சி அதில்தான் வரும்.

தேர்வுக் காலத்துக்குத் தனி அட்டவணை

கோவிட் காலத்தில் அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குத் தள்ளிப்போன எஸ்.பி.எம்., பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதோடு ஆண்டிறுதிக்கே திரும்பிவிட்டது. ஜனவரி நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை எண்ணினால் சுமார் 40 வாரம். பள்ளித் தேர்வு, விடுமுறைப் பயணம், திருவிழா, உடல்நலக் குறைவு ஆகியவற்றைக் கழித்தால் முப்பதை ஒட்டித்தான் வரும். அதில் முதல் பாதி நான்காம் படிவத்துக்கும் பலவீனமான தாள்களுக்கும். அடுத்த பகுதி ஐந்தாம் படிவப் பாடத்தை முடிப்பதற்கு. பெர்சுபாஆன் எனப்படும் முன்னோட்டத் தேர்வு முடிந்ததும் மேலே சொன்ன தாள் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும். ஜனவரியில் பலவீனமாக இருந்த பாடம் இப்போது தேறியிருக்கும். கவலையில்லாமல் விட்ட பாடம் சறுக்கியிருக்கும். 33 துண்டின் பங்கீட்டை அப்போது மாற்றாதவர்கள் ஜனவரி மாதத்துப் பிள்ளைக்காகவே கடைசிவரை படித்துக்கொண்டிருப்பார்கள்.

பேச்சுத் தேர்வும் அறிவியல் செய்முறைத் தேர்வும் பெரிய எழுத்துத் தாள்களுக்கு முன்பே வந்துவிடும். தேர்வு இன்னும் தொடங்கவில்லை என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நாள்கள் அவை. மலாயில் பேசிப் பழக ஒரு வாரம் போதாது. ஆண்டு முழுவதும் வாரத்துக்குப் பத்து நிமிடம் நண்பரோடு பேசிப் பழகினால் அன்று நாக்கு ஒட்டாது.

தேர்வு வாரியத்தின் கால அட்டவணை வெளியானதும் அதை அச்செடுத்து, தனக்குரிய தாள்களை மட்டும் வண்ணமிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்று நாள்களை எண்ண வேண்டும். எழுத்துத் தேர்வு பல வாரங்களுக்கு நீளும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே சில சமயம் ஓர் இரவு, சில சமயம் நான்கு நாள். இடைவெளி இல்லாத தாளுக்கான திருப்புதலை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். நான்கு நாள் இடைவெளி உள்ள தாளுக்கு முன்பே அதிகம் செலவிடத் தேவையில்லை. கட்டாயப் பாடங்கள் முடிந்ததும் 'தேர்வு முடிந்தது' என்ற எண்ணம் வகுப்பில் பரவும். பாதி நண்பர்கள் அதற்குள் விடுமுறை மனநிலைக்குப் போயிருப்பார்கள். தமிழ்மொழியும் இலக்கியமும் அதன்பின் வருமானால், இந்த மாணவர்களுக்கு மட்டும் இன்னும் சில நாள் பாக்கி இருக்கும். அந்த நாள்களைக் காக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. சுற்றுலாவுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் டிக்கெட் எடுப்பதற்கு முன் கடைசித் தாளின் தேதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. முறுக்கு சுடும் வாசனையும், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவும், கிள்ளான் லிட்டில் இந்தியாவும், விருந்தினர் வருகையும் தேர்வுக் காலத்தின் வாசலிலேயே வந்து நிற்கும். தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலும் கோயிலும் விருந்தும் இல்லாமல் பிள்ளையை அறையில் பூட்டி வைக்க யாருக்கும் மனம் வராது. வைத்தாலும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. அந்த ஒரு நாளையும் அதற்கு முந்திய மாலையையும் அட்டவணையில் முன்பே அழித்துவிட வேண்டும். துணி எடுப்பதையும் கடைகளுக்குப் போவதையும் செப்டம்பர் விடுமுறையிலேயே முடித்துவிட்டால், அக்டோபர் கடைசி இரண்டு வார இறுதிகளும் மிஞ்சும். மேலே போட்ட கணக்கில் அது சனி, ஞாயிறு இரண்டு சேர்த்து வாரத்துக்கு 14 துண்டு.

இன்னொரு சிறிய வேலை இருக்கிறது. தேர்வுக்கான பதிவு விவரம் பள்ளியிலிருந்து கைக்கு வரும்போது, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்ப்பதோடு பாடக் குறியீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தமிழ்மொழிக்கு 6354, தமிழ் இலக்கியத்துக்கு 9217. வெளியே வகுப்புக்குப் போய் இலக்கியம் படிக்கும் மாணவர்களின் பெயரில் அந்தப் பாடம் பதிவாகியிருக்கிறதா என்று பள்ளியில் கேட்டு உறுதி செய்வது பெற்றோரின் வேலை. திருத்தம் செய்யத் தரும் நாள்கள் மிகக் குறைவு.